பட்டறைப் பதில்கள்: முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்கீ மாட்டலாமா?

போன இதழில் பழைய ஹோண்டா மூன்று சக்கர ஏடிவி பற்றி, பலூன் மாதிரி டயர் போட்ட அந்தக் காட்டு வண்டியைப் பற்றி, நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கே இந்த முறை கடிதங்களில் பாதி பனியும் சக்கரமுமாக வந்திருக்கிறது. குமரி மாவட்டத்தில் பனி என்றால் கீரிப்பாறை பக்கம் காலையில் இறங்கும் மூட்டம்தான், ஆனாலும் நம் ஆட்கள் இல்லாத ஊர் ஏது!

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்: சின்னதாக லேத், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மச்சான் கனடாவில் வின்னிபெக் பக்கம் இருக்கிறான். 80-களில் வந்த 200 சிசி ஹோண்டா மூன்று சக்கர வண்டி ஒன்றை மலிவாக வாங்கிப் போட்டிருக்கிறான். அதைப் பனியில் ஓட்ட வேண்டுமாம். முன் சக்கரத்துக்குப் பதிலாக ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகை, பின் டயர்களைச் சுற்றிப் பிடிப்புக்குச் செயின், கார்புரேட்டர் மாற்றம் என்று பெரிய பட்டியல் அனுப்பி, "தையில் அம்மா இங்கே வர்றாங்க, பண்ணி அவங்க கையில குடுத்துவிடு" என்கிறான். எதை நான் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

பதில்: அத்தை கையில் ஸ்கீயைக் கொடுத்துவிடுகிற மருமகன் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்த வண்டியே குளிர்காலத்தை மனதில் வைத்துப் பிறந்ததுதான். குளிர்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் விற்காமல் கடை ஈயாடுகிறது, அப்போது விற்க ஏதாவது கொடுங்கள் என்று அமெரிக்க டீலர்கள் ஹோண்டாவிடம் கேட்டார்கள். ஒசாமு தகேயுச்சி என்ற இன்ஜினியர் இரண்டு சக்கரத்திலிருந்து ஆறு சக்கரம் வரை மாதிரி செய்து பார்த்துவிட்டு மூன்றில் வந்து நின்றார். 1970-ல் 22 அங்குல பலூன் டயரோடு 90 சிசி வண்டியாக அது கடைக்கு வந்தது. அதனால் மச்சானிடம் முதலில் சொல்ல வேண்டியது, எதையும் கழற்றாமல் ஒருநாள் ஓட்டிப் பார் என்பதுதான்.

டயர் காற்றை மட்டும் ஒழுங்காக வைக்கச் சொல்லுங்கள். இந்த வண்டிகளுக்குக் கம்பெனி சொல்கிற அழுத்தம் சுமார் 2.2 பிஎஸ்ஐ. ஆமாம், இரண்டுதான், இருபத்திரண்டு இல்லை. வண்டி 140 கிலோ, கனத்த உடுப்போடு மச்சான் 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், டயர்கள் தரையில் 1,500 சதுர சென்டிமீட்டர் அளவுக்குப் பரந்து உட்காரும். அவர் இறங்கி நடந்தால் ஒரு பூட்ஸின் அடிப்பரப்பில் மொத்த எடையும் இறங்கும், அது டயர் தரும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. அவர் புதைகிற பனியில் வண்டி புதையாது என்பதற்குக் கணக்கு இவ்வளவுதான்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்குத் தோன்றாத ஒரு சங்கதி உண்டு. ஹீட்டர் போட்ட கராஜில் 20 டிகிரியில் 2.2 பிஎஸ்ஐ அடித்துவிட்டு வெளியே மைனஸ் 20-க்குக் கொண்டுபோனால், காற்று சுருங்கி அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கே போய்விடும். டயர் ரிம்மை விட்டுக் கழன்று வர அது போதும். வண்டியை வெளியே நிறுத்தி, நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் காற்றைச் சரிபார்க்க வேண்டும். கார் டயருக்கு வைத்திருக்கும் கேஜ் இவ்வளவு குறைந்த அளவைக் காட்டாது, ஏடிவிக்கென்று தனி கேஜ் அங்கே கடையில் கிடைக்கும்.

இப்போது ஸ்கீ. பின் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் இறுக்கியவை, டிஃபரென்ஷியல் கிடையாது, இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதனால் வண்டி எப்போதும் நேராகப் போகவே பார்க்கும். முன் சக்கரம்தான் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும், ஆனால் அந்தப் பலூன் டயர் இறுகிய பனியில் பிடிப்பில்லாமல் வழுக்கும், பொடிப்பனியில் மண்வெட்டி போலப் பனியைத் தள்ளிக்கொண்டு போகும். ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே போய் வேலியில் நிற்கும். ஸ்கீ கேட்பதில் நியாயம் இருக்கிறது.

என் யோசனை, ஸ்கீயை அங்கே வாங்கட்டும், அதை மாட்டுகிற ஸ்டாண்டை நீங்கள் இங்கே செய்யுங்கள். ஸ்னோமொபைல், அதாவது ஸ்கீ வைத்த பனி வண்டி, ஓடுகிற நாட்டில் பழைய ஸ்கீ தேடினால் அகப்படும். அதன் அடி பாலிஎத்திலீன், பனி ஒட்டாது. நீங்கள் இரும்புத் தகட்டை வளைத்துச் செய்தால் பனி அடியில் அப்பிக்கொள்ளும். குளச்சலில் ஃபைபர் வள்ளம் செய்கிறவர்களிடம் சொன்னால் அழகான ஸ்கீ வார்த்துக் கொடுப்பார்கள், எனக்கும் அந்த ஆசை வந்தது, ஆனால் அதற்கும் அடியில் பாலிஎத்திலீன் ஷீட் வைத்துத் திருகத்தான் வேண்டும், விமானத்தில் நீளமும் இடிக்கும். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் என்பது பெரும்பாலான விமானங்களில் கணக்கு. ஸ்டாண்டு என்றால் அத்தையின் சேலைகளுக்கு நடுவே போய்விடும்.

ஸ்டாண்டில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். மச்சான் வண்டியில் ஏறி உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து முன் ஆக்ஸில் நடு வரை உயரம், ஃபோர்க் கால்களுக்கு இடையே அகலம், ஆக்ஸில் போல்ட்டின் விட்டம், இதையெல்லாம் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கீயும் ஸ்டாண்டும் சேர்ந்து அதே உயரம் வர வேண்டும். குறைந்தால் முன்பக்கம் தாழ்ந்து ஃபோர்க் செங்குத்தாகி ஹேண்டில் நடுங்கும். அப்புறம், ஸ்கீ ஆக்ஸிலில் மேலும் கீழும் ஆட வேண்டும், ஆனால் கட்டில்லாமல் ஆடக் கூடாது. மூக்கு கீழே குத்தினால் பனியில் சொருகி வண்டி முன்னால் கவிழும். ஸ்னோமொபைலில் இதற்காகவே ஸ்கீக்கும் காலுக்கும் இடையே ஒரு ரப்பர் கட்டை இருக்கும், அது மூக்கைத் தூக்கியே வைத்திருக்கும், அதே மாதிரி வைக்க ஸ்டாண்டில் இடம் விடுங்கள். மூன்றாவது, ஸ்கீயின் அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புக் கம்பிதான் பனியைக் கீறித் திருப்புகிறது. ஹேண்டில் திரும்பும் அச்சை ஒரு கோடாகத் தரை வரை நீட்டிப் பாருங்கள், அந்தப் புள்ளிக்குக் கொஞ்சம் பின்னால் கம்பியின் நடு இருக்க வேண்டும். முன்னால் போனால் ஓடும்போது ஹேண்டில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒரு பக்கம் சாயும்.

நம் பட்டறைகளில் கனமான வேலை என்றால் லாரி ஸ்பிரிங் பட்டாவை வெட்டிப் போடும் பழக்கம் உண்டு. இங்கே அது வேண்டவே வேண்டாம். கார்பன் அதிகமுள்ள பட்டாவை வெல்டு செய்தால் ஓரத்தில் விறைத்து நிற்கும், வின்னிபெக்கில் மைனஸ் 30 வரை இறங்குகிற குளிரில் முதல் குழியிலேயே விரிசல் விடும். சாதாரண மைல்டு ஸ்டீலும் அந்தக் குளிரில் உடையும் குணம் காட்டும், ஆகவே பைப்பைத் தாராளமான கனத்தில் எடுத்து, மூலைகளில் முக்கோணத் தகடு கொடுத்து, வெல்டில் ஓட்டை இல்லாமல் பாருங்கள். புஷ்ஷில் நம் ஊர் கிரீஸ் அடைக்காதீர்கள், அங்கே அது மெழுகாக இறுகிவிடும்.

ஒன்றை மச்சானுக்கு அழுத்திச் சொல்லுங்கள். முன் சக்கரம் போனால் முன் பிரேக்கும் போய்விட்டது. பின் டிரம் பிரேக்கும் எஞ்சின் பிடிப்பும்தான் மிச்சம். அந்த டிரம்முக்குள் பனி உருகி நீர் புகுந்து, இரவில் உறைந்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டி முடிக்கும்போது பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்சதூரம் போய்ச் சூட்டில் ஈரத்தைக் காயவிட வேண்டும், இரவில் பார்க்கிங் பிரேக் போட்டு வைக்கக் கூடாது. த்ராட்டில் கேபிளிலும் இதே தொல்லை, உள்ளே நீர் உறைந்து த்ராட்டில் திறந்தபடி நின்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மணிக்கட்டில் கயிறு கட்டி, ஆள் விழுந்தால் எஞ்சின் தானே நிற்கிற சுவிட்சு ஒன்று கிடைக்கும். பட்டியலில் முதலில் வாங்க வேண்டிய பொருள் அது. ஸ்கீ அதற்குப் பிறகு.

செயின்: இரண்டு பின் டயருக்கும் ஜோடியாகப் போட வேண்டும். டயருக்கும் மட்கார்டு, ஃபிரேமுக்கும் இடையே விரல் நுழையும் இடமாவது இருக்கிறதா பார்க்க வேண்டும். இவ்வளவு குறைந்த காற்றில் செயினுக்குள் டயர் தனியாகச் சுற்றும் என்பதால் ரப்பர் இழுப்பான் போட்டு இறுக்கி, கொஞ்சதூரம் ஓட்டியபின் மறுபடி இறுக்க வேண்டும். பொடிப்பனிக்குச் செயின் வேண்டாம், அது தோண்டிக்கொண்டு கீழே போகும். இறுகிய பனிக்கும் ஐஸுக்கும்தான்.

கார்புரேட்டர் கடைசி. 20 டிகிரிக்கு ட்யூன் செய்த எஞ்சின் மைனஸ் 30-ல் சுமார் 20 சதவீதம் அடர்ந்த காற்றை இழுக்கும், அந்த அளவுக்குப் பெட்ரோல் கூடாததால் கலவை மெலிந்து பிளக் வெளுக்கும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிப் பார்த்து, பிளக் நிறத்தைக் கவனித்து, தேவையானால் இன்னொன்று. எஞ்சின் ஆயில் 5டபிள்யூ-30 போல மெல்லியது. 20டபிள்யூ-50 போட்டால் அந்தக் குளிரில் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கவே முடியாது.

குளச்சலிலிருந்து ஓர் அம்மா: என் மகனும் வெளிநாட்டில் இந்த மூன்று சக்கர வண்டி வாங்கப் போவதாகச் சொல்கிறான். அமெரிக்காவில் இதைத் தடை செய்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்கிறான். உண்மையா?

பதில்: உண்மைதான் அம்மா. விபத்துகள், அதிலும் பிள்ளைகள் சிக்கிய விபத்துகள் பெருகியதால், 1988-ல் அமெரிக்க அரசோடு செய்த உடன்பாட்டில் பெரிய கம்பெனிகள் புது மூன்று சக்கர ஏடிவி விற்பதை நிறுத்தின. 2008-ல் சட்டமே வந்து புது வண்டி இறக்குமதியையும் விற்பனையையும் தடுத்தது. பழைய வண்டியை வைத்திருப்பதையோ ஓட்டுவதையோ அந்தச் சட்டம் தடுக்கவில்லை, அதனால்தான் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. மகன் கேட்கவில்லை என்றால் நாலு சக்கர ஏடிவி வாங்கச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டு விஷயத்திலாவது கண்டிப்பாக இருங்கள். பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. பைக் ஓட்டிய பழக்கத்தில், சாயும்போது காலைத் தரையில் ஊன்றக் கூடாது, பின் சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறி ஆளைக் கீழே இழுத்துவிடும், இந்த வண்டியில் கால் முறிந்தவர்கள் பலருக்கு நடந்தது அதுதான். ஹெல்மெட் சொல்லாமலே தெரியும். உறைந்த ஏரியில் ஓட்டுவதானால், கெட்டியான தெளிந்த ஐஸ் குறைந்தது 5 முதல் 7 அங்குலம் இருக்க வேண்டும் என்று அங்கே பொதுவாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் ஏரிப் பக்கமே போக வேண்டாம்.

தக்கலையிலிருந்து ஆட்டோ ஓட்டும் ஒரு நண்பர்: நானும் மூன்று சக்கரம்தான் ஓட்டுகிறேன். அதை மட்டும் ஆபத்து என்கிறீர்களே?

பதில்: அண்ணே, உங்கள் வண்டியில் டிஃபரென்ஷியல் இருக்கிறது, வளைவில் உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்றும். அதில் அது இல்லை. உங்களுக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் உண்டு, அந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் பின்னால் டயர்தான் ஸ்பிரிங். வளைவில் ஓட்டுகிறவர் உடம்பை உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் கால்மிதியில் எடையைப் போட்டால்தான் திரும்பும். உட்கார்ந்தபடியே ஹேண்டிலை மட்டும் திருப்பினால் ஒன்று நேராகப் போகும், இல்லாவிட்டால் கவிழும். மற்றபடி புலியூர்க்குறிச்சி வளைவில் நீங்கள் எடுக்கிற வேகத்தைப் பார்த்தால் ஆட்டோவும் பத்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகி: எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு, அப்பாதான் பால் வெட்டுகிறார். நம் ரப்பர் பனிக்குப் போனால் விறைத்துப் போகாதா?

பதில்: நல்ல கேள்வி. ஷீட்டாக அடித்த பச்சை ரப்பர் மைனஸ் 25 டிகிரி வாக்கில் நாள்பட இருந்தால் மெல்லப் படிகமாகி மரக்கட்டை மாதிரி ஆகும், சூடு காட்டினால் திரும்ப இளகிவிடும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தியபின் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். இயற்கை ரப்பர் கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலைக்குப் போக மைனஸ் 70 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். குளிர்கால டயர் செய்கிறவர்கள் இயற்கை ரப்பரை விரும்பிச் சேர்ப்பதற்கு இது ஒரு காரணம். மார்த்தாண்டம் வாசகர் ஸ்டாண்டில் வைக்கப்போகும் ரப்பர் கட்டையையும் இயற்கை ரப்பரில் செய்வதே சரி.

லடாக்கின் லே நகரிலிருந்து, ஆரல்வாய்மொழியைச் சேர்ந்த ஒரு ராணுவ வீரர்: ஊரில் நன்றாக ஓடிய என் பழைய கார்புரேட்டர் பைக் இங்கே கரும்புகை விடுகிறது, இழுக்கவும் மாட்டேன் என்கிறது. குளிர் என்றால் ஜெட் ஏற்ற வேண்டும் என்கிறார்களே?

பதில்: ஏற்றாதீர்கள், இறக்குங்கள். மார்த்தாண்டத்துக்குச் சொன்னது சமவெளிக் குளிருக்கு. நீங்கள் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள், காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். குளிரால் கூடும் அடர்த்தியை உயரம் விழுங்கி, அதற்கு மேலும் குறைத்துவிடுகிறது. காற்று குறைவு, பெட்ரோல் அதே அளவு, அதனால்தான் கரி. மெயின் ஜெட் சைஸைப் படிப்படியாகக் குறைத்து, பிளக் முனை காப்பிப்பொடி நிறத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். புகை போய்விடும். இழுவையில் மூன்றில் ஒரு பங்கு போனது போனதுதான், அதை எந்த ஜெட்டும் திருப்பித் தராது. லீவில் வண்டியோடு ஊருக்கு இறங்கும்போது பழைய ஜெட்டை மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கலவை மெலிந்து வழியிலேயே பிஸ்டன் பிடித்துவிடும்.