வாசகர் கேள்வி: ஒரே டீ இணைப்பில் மூன்று வேக்கம் (உறிஞ்சல்) குழாய்கள்

கேள்வி: என்னிடம் 1972-ஆம் ஆண்டின் எம்ஜிபி ஜிடி கார் இருக்கிறது. அதிலிருந்த இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களைக் கழற்றிவிட்டு, ஒற்றை வெபர் 45 டிசிஓஇ கார்புரேட்டரையும் சற்று வீரியமான கேம் ஷாஃப்டையும் பொருத்தியிருக்கிறேன். பிரேக் செர்வோ, டிஸ்ட்ரிபியூட்டர், கிரான்க் கேஸ் ஆகிய மூன்றிலிருந்தும் வரும் ஹோஸ்களை டீ (T வடிவ இணைப்பி) வைத்து இணைத்து, புதிய மேனிஃபோல்டின் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் கிளைக்குழாய்) முன்பக்கக் கிளையிலுள்ள ஒரே சிறு முனையில் மெக்கானிக் மாட்டிவிட்டார். இப்போது சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங் ஏறி இறங்குகிறது. பிரேக்கை அடுத்தடுத்து மிதித்தால் இரண்டாம் முறை பெடல் கல்லாக நிற்கிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நீலப் புகை வருகிறது. எந்தக் குழாயை எங்கே கொடுக்க வேண்டும்?
— ஒரு வாசகர், கிராய்டன்

பதில்: நீங்கள் சொன்ன மூன்று கோளாறுகளும் மூன்று குழாய்களுக்கும் ஆளுக்கொன்றாகப் பொருந்துகின்றன என்பதால், எஞ்சினைப் பிரிக்கும் யோசனை இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள். பிரேக் மிதிக்கு வலுச் சேர்க்கும் செர்வோவுக்கு வேண்டியது நிறைய உறிஞ்சல். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேண்டியது த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தட்டு) திறப்பை ஒட்டி மாறும் மெல்லிய உறிஞ்சல். எஞ்சினின் அடிப்பெட்டியான கிரான்க் கேஸுக்கோ புகையை வெளியே இழுக்கும் அளவுக்கு இலேசான இழுப்பு போதும். இம்மூன்றையும் ஒரே டீயில் கட்டினால் ஒன்றின் தேவை மற்ற இரண்டையும் கெடுக்கும்.

முதலில் எஞ்சினின் அமைப்பைப் பார்ப்போம். இந்த 1798 சிசி எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இரண்டே இன்டேக் வாய்கள்தாம்: முதல் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒன்று, அடுத்த இரண்டுக்கு ஒன்று. எரிப்பு வரிசை 1-3-4-2 என்பதால், ஒரு வாயில் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து உறிஞ்சிவிட்டு, அதன்பின் ஏறத்தாழ ஒரு முழுச் சுற்று வரை அந்த வாய் சும்மா இருக்கும். இரண்டு எஸ்யூக்களும் அகலமான சமன் குழாய் ஒன்றால் இணைந்திருந்தவரை இந்தத் துடிப்பு பெரிதும் அடங்கியிருந்தது. வெபருக்கான மேனிஃபோல்டில் இரு கிளைகளும் தனித்தனியாக நீண்டு போவதால், ஒரே கிளையிலிருந்து எடுக்கும் உறிஞ்சல் விட்டு விட்டுத்தான் வரும்.

பிரேக்தான் முக்கியம் என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். செர்வோவின் குழாய் வேறு எதனுடனும் டீ போடப்படாமல், இரு கிளைகளையும் இணைக்கும் சமன் வழியிலிருந்து நேராகப் போக வேண்டும்; உட்துளை 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது. உங்கள் மேனிஃபோல்டில் அப்படிப்பட்ட வழி இல்லையென்றால், அதைக் கழற்றி இரு கிளைகளிலும் துளையிட்டு இணைக்கச் செய்வது செலவானாலும் சரியான வேலை. இரண்டாம் மிதியில் பெடல் கல்லாவதற்குக் காரணம், முதல் மிதியில் செர்வோவுக்குள் புகுந்த காற்றை அந்தச் சிறு முனை விரைவாக இழுத்துக் காலி செய்ய முடியாமையே. செர்வோவில் உள்ள ஒருவழி வால்வையும் வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். குழாய் மேனிஃபோல்டிலிருந்து செர்வோவை நோக்கி ஏறிக்கொண்டே செல்லட்டும். நடுவில் தொங்கலாக இறங்கினால் அந்தப் பள்ளத்தில் பெட்ரோல் தேங்கும்.

வீரியமான கேம் ஷாஃப்டால் ஐட்லிங்கில் உறிஞ்சல் குறையும். மாற்றம் செய்யாத எஞ்சினில் 17 முதல் 20 அங்குலப் பாதரசம் (உறிஞ்சலை அளக்கும் அலகு) வரை காட்டும் கேஜ், இப்போது 12-ஐ ஒட்டி நடுங்கிக்கொண்டு நிற்கலாம். வேகத்தில் போகும்போது த்ராட்டில் மூடிய நிலையில்தான் பிரேக் பிடிப்போம் என்பதால் அங்கே உறிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. வண்டியை நிறுத்த இடம் தேடி மெதுவாக நகரும்போதுதான் குறை தெரியும். அப்படித் தெரிந்தால், ஒருவழி வால்வுடன் கூடிய சிறு வேக்கம் தொட்டி ஒன்றை வழியில் சேருங்கள்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர். எஸ்யூவில் த்ராட்டில் தட்டின் விளிம்பை ஒட்டி ஒரு நுண்துளை இருக்கும். ஐட்லிங்கில் அதில் உறிஞ்சல் இராது, த்ராட்டில் சற்றுத் திறந்ததும் வரும். பெரும்பாலான டிசிஓஇ கார்புரேட்டர்களில் அந்தத் துளையே கிடையாது. அதற்குப் பதிலாக மேனிஃபோல்டில் மாட்டியதால்தான் உங்கள் எஞ்சினின் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னும் பின்னுமாக அலைகிறது, ஐட்லிங்கும் அதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் டப்பாவில் 5-13-10 என்பதுபோல மூன்று எண்கள் பொறித்திருக்கும். 5 அங்குலத்தில் அது இழுக்கத் தொடங்கும், 13-இல் முழுதாக இழுத்துவிடும், அப்போது டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி, அதாவது கிரான்க்கில் 20 டிகிரி முன்னேற்றம் (தீப்பொறி அவ்வளவு முன்னதாக விழுவது) கிடைக்கும் என்பது பொருள். 12-ஐ ஒட்டி நடுங்கும் உறிஞ்சலை இதில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிடலாம். என் யோசனை, அந்த டப்பாவை எதிலும் இணைக்காமல் விட்டு, மேனிஃபோல்ட் முனையை நன்றாக அடைத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் எடைகளால் கிடைக்கும் முன்னேற்றத்தை மட்டும் வைத்து டைமிங்கைப் புதிதாக அமைப்பதுதான். சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டினால் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்; வெபர் பொருத்திய பிறகு அதைப் பற்றிக் கவலைப்படுகிறவர் குறைவு.

கிரான்க் கேஸ் குழாய்தான் நீலப் புகைக்குக் காரணம். பழைய அமைப்பில் அது எஸ்யூவின் பிஸ்டனுக்கும் த்ராட்டிலுக்கும் இடைப்பட்ட, எப்போதும் இலேசான உறிஞ்சலே இருக்கும் பகுதியில் இணைந்திருந்தது. வால்வு எதுவும் இல்லாமல் நேராக மேனிஃபோல்டில் கொடுத்தால், த்ராட்டில் மூடியதும் உண்டாகும் கடும் உறிஞ்சல் எண்ணெய்ப் பனியையே இழுத்து எரித்துவிடும். டேப்பட் மூடியிலிருந்து வரும் அந்த அகலமான குழாயை ஏர் ஃபில்டரின் பின்தகட்டுக்குக் கொண்டுபோங்கள். இடையில் எண்ணெய் பிடிக்கும் டப்பா ஒன்று இருப்பது நல்லது.

இந்த எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால், எந்தக் குழாயும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் படுக்காதபடி கிளிப் போட்டு விலக்கி நிறுத்துங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளில் ஆடும் என்பதால், கடைசி கிளிப்புக்குப் பிறகு சிறிது தளர்வும் விட வேண்டும். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க கார்புரேட்டர் கிளீனரைத் தெளிப்பது பலருடைய வழக்கம். இந்தக் காரில் அது சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டித் தீப்பிடிக்கும், செய்யாதீர்கள். ஒவ்வொரு ஹோஸையும் கவ்வியால் மெல்ல அழுத்தி மூடிப் பார்த்தாலே, எதை மூடும்போது ஐட்லிங் மாறுகிறதோ அங்கே கசிவு என்று தெரிந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினை அணைத்து, பிரேக்கை ஐந்தாறு முறை மிதித்து, பெடலை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் சற்றுக் கீழே இறங்கினால் செர்வோவுக்கு உறிஞ்சல் போகிறது.

கேள்வி: வேக்கம் குழாய்க்கு, மீன் தொட்டியில் போடும் தெளிந்த பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்தலாமா? உள்ளே பெட்ரோல் தேங்கினால் கண்ணுக்குத் தெரியுமே.
— மற்றொரு வாசகர்

பதில்: வேண்டாம். எஞ்சின் சூட்டில் அது இளகி, உறிஞ்சலில் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் ஆவி பட்டுப் பட்டுப் பிறகு விறைத்து, முனையிலிருந்து கழன்றும் விடும். வேக்கத்துக்கென்றே விற்கும் தடித்த சுவருள்ள ரப்பர் ஹோஸை வாங்குங்கள்; செர்வோவுக்கு அதற்கென்றே உள்ள வலுவூட்டிய ஹோஸ்தான் வேண்டும்.