வெள்ளையனும் பனிமலையும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

உத்தராகண்ட் இமயமலையில் சோப்தாவிலிருந்து துங்கநாத் சிவன் கோயிலுக்குப் பனியில் ஒரே நாளில் ஏறி இறங்கியதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உங்களோடு கூடவே ஏறி வந்த அந்தக் கறுப்பு நாய் மனதில் நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் வெள்ளையன் இருக்கிறான். ராஜபாளையம், மூன்று வயது. தினமும் காலையில் என்னோடு ஐந்து கிலோமீட்டர் ஓடுவான், களைப்பதே இல்லை. இந்த டிசம்பர் கடைசியில் நானும் என் தோழியும் துங்கநாத் போகலாம் என்று இருக்கிறோம். வெள்ளையனையும் அழைத்துப் போக ஆசை. மார்கழிப் பனியில் அவன் திண்ணையில்தான் படுத்திருப்பான், ஒன்றும் செய்வதில்லை. அவனுக்குக் கம்பளிச் சட்டை, காலுறை எல்லாம் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். அப்பத்தா மட்டும், "வாயில்லா ஜீவனை எதுக்கு ஆத்தா அவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டுப் போறே" என்கிறார். அழைத்துப் போகலாமா? என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

மீ., தேவகோட்டை

—

அன்புள்ள மீ.,

அப்பத்தா சொல்வதுதான் சரி. வெள்ளையனை அழைத்துப் போகாதீர்கள். நீங்கள் கட்டாயம் போய்வாருங்கள்.

உங்களுக்கு இந்த ஆசை வந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. நாயோடு மலை ஏறிய மகிழ்ச்சியை மட்டும் அன்று எழுதினேன். அதே நாளில் நான் செய்த இரண்டு தவறுகளை எழுதாமல் விட்டுவிட்டேன். அதையும் இதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வெள்ளையன். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் பக்கம் சொல்வார்களே, அந்தப் பனி புல் நுனியில் நின்று வெயில் வந்ததும் போய்விடுகிற ஈரம். தேவகோட்டையில் விடியற்காலை இருபது டிகிரிக்கு இறங்கினாலே நாம் போர்வையைத் தேடுகிறோம். சோப்தா ஏறக்குறைய 2,680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, துங்கநாத் 3,680 மீட்டர். டிசம்பர் கடைசியில் அங்கே இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். தரையில் கிடப்பது உறைந்த பனி, முழங்கால் வரைக்கும்கூட இருக்கலாம். இரண்டையும் பனி என்றே சொல்லிப் பழகிவிட்டதால், திண்ணையில் தாங்கியவன் அங்கேயும் தாங்குவான் என்று தோன்றுகிறது.

சித்திரை வெயிலில் வெள்ளையன் எங்கே படுப்பான் என்று நினைத்துப் பாருங்கள். வளவில் ஆத்தங்குடிக் கல்லில் வயிற்றை அழுத்திக் கிடப்பான், இல்லையா? அவன் உடம்பு சூட்டை வெளியே தள்ளுவதற்கு ஏற்றது. முடி குட்டை. அதற்கடியில் கம்பளி மாதிரி இன்னொரு அடுக்கு முடி கிடையாது என்றே சொல்லலாம். தோலுக்கடியில் கொழுப்பும் குறைவு, வால் மெல்லியது, காதும் மெல்லியது. நம் வெயிலில் அவனைக் காப்பாற்றுகிற அத்தனையும் பனியில் அவனுக்கு எதிராகத் திரும்பும். கல்லில் வயிற்றை வைத்து உடம்பைக் குளிர்த்துக்கொள்கிறவன், பனியில் வயிறு உரச ஏழு மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். முதலில் காது நுனியும் வால் நுனியும் விறைக்கும். நடுங்குவது கண்ணுக்குத் தெரியும். நடுக்கம் நின்று அவன் மந்தமாகிவிட்டால், குளிர் பழகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, அதுதான் ஆபத்தான நேரம்.

கம்பளிச் சட்டை முதுகைக் காக்கும். ஆனால் பனியில் புரண்டு எழுந்தால் நனையும், நனைந்தபின் அது இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல். காலுறை மென்பனியில் உருவிக்கொண்டு போய்விடும். அறை வாசலில் பத்து நிமிடம் விளையாட இதெல்லாம் போதும். மலை ஏறப் போதாது.

என்னோடு வந்தது போட்டியா நாய். அந்தப் பக்கத்து இடையர்கள் ஆட்டுக்குக் காவலாக வளர்ப்பது. சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க இந்த நாய்களுக்கு ஆணி வைத்த இரும்புப் பட்டை போடுவார்கள். பகல் குறையக் குறைய இவற்றின் உள்முடி அடர்ந்துகொண்டே வரும். குளிர்காலத்துக்கான உடுப்பை அது மாதக்கணக்கில் தன் உடம்பிலேயே தயார் செய்துகொள்கிறது. பாதத்துக்குள் சூடான ரத்தம் இறங்குகிற குழாயும் குளிர்ந்த ரத்தம் ஏறுகிற குழாயும் ஒட்டி ஒட்டி ஓடுவதால், ஏறுகிற ரத்தம் சூடாகித்தான் உடம்புக்குள் போகும். இந்தப் பாத அமைப்பு வெள்ளையனுக்கும் உண்டு, எல்லா நாய்க்கும் உண்டு. பாதம் தாங்கிவிடும். மற்ற உடம்பு?

2005இல் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்கு நான்கு அஞ்சல் தலைகள் வெளியிட்டது. அதில் ஒன்று ராஜபாளையம், ஒன்று இமயமலை ஆட்டுக்காவல் நாய். என் பழைய ஆல்பத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. உங்கள் கடிதம் வந்த அன்று அதை எடுத்துப் பார்த்தேன். அவை சேர்ந்து நிற்க அந்த ஆல்பம் போதும் என்றுதான் தோன்றியது.

இன்னொன்று, பயணம். சென்னையிலிருந்து டெல்லி மட்டுமே 2,000 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் முழு கூபேயோ கேபினோ எடுத்தால்தான் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு வண்டியில் நாய்ப்பெட்டி. டிசம்பர் மாதத்து வடநாட்டு இரவில், தெரியாத இரும்புப் பெட்டிக்குள், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றே தெரியாமல் அவன் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

சோப்தாவில் பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. காலை ஆறரை மணி. கடைக்காரர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார், நாய் சாம்பல் ஓரத்தில் சுருண்டு கிடந்தது. கறுப்பு. வலது காது நுனி கிழிந்திருந்தது. நான் டீ குடித்துவிட்டுக் கிளம்பியதும் அதுவும் எழுந்து உடம்பை உதறிவிட்டு முன்னால் நடந்தது. யாரும் கூப்பிடவில்லை.

துங்கநாத் வரைக்கும் கல் பாவிய பாதை இருக்கிறது, மூன்றரை, நான்கு கிலோமீட்டர். அன்று கல்லே தெரியவில்லை. மிதிபட்ட பனி ஒரு வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் நாய் நின்று திரும்பிப் பார்க்கும். நான் வந்து சேர்ந்ததும் மறுபடி நடக்கும். அதற்கு வழி தெரியும் என்று நம்பி அதன் கால் தடத்திலேயே நடந்தேன். ஓரிடத்தில் அது வளைவைச் சுற்றாமல் சரிவில் குறுக்கே ஏறியது. நானும் ஏறினேன். தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டேன். அது நான்கு காலில் எடையைப் பகிர்ந்து மேலாகப் போய்விடுகிறது, என் எடையோ இரண்டு காலில். வெளியே வர கால் மணி நேரமானது. நாய் போகிற வழி நாய்க்கான வழி. நீங்கள் மிதிபட்ட பாதையை விட்டு விலகாதீர்கள்.

அப்புறம் நடந்ததுதான் என் முதல் தவறு. புதருக்குள்ளிருந்து மோனால் ஒன்று எழுந்தது. உத்தராகண்டின் மாநிலப் பறவை. ஆண் பறவை மயில் கழுத்தின் நிறம் அத்தனையையும் மேலே பூசிக்கொண்டது போல இருக்கும். நாய் அதன் மேல் பாய்ந்தது. பறவை கத்திக்கொண்டு பள்ளத்தாக்கில் விழுகிற மாதிரி பறந்து தப்பியது. நான் சிரித்தேன், கைகூடத் தட்டினேன். அது கேதார்நாத் வனவிலங்கு சரணாலயப் பகுதி. கஸ்தூரி மான் இருக்கிற காடு. குளிர்காலத்தில் தீனி குறைந்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உயிரைச் செலவழிக்கிற பிராணிகளை ஒரு நாய் துரத்துவது விளையாட்டில்லை. வெள்ளையனின் முன்னோர்கள் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனவர்கள். அவன் என்ன செய்வான் என்று உங்களுக்கே தெரியும்.

பதினோரு மணிக்குக் கோயில். குளிர்காலத்தில் துங்கநாத் நடை சாத்திவிடுவார்கள், உற்சவர் கீழே மக்குமட் ஊருக்கு இறங்கிவிடுவார். வாசற்படியில் பனி மூடிக் கிடந்தது, ஒரு மனிதர் இல்லை. நாய் போய் அந்த வாசலில் படுத்துக்கொண்டது. எனக்கு வயிரவன்பட்டி ஞாபகம் வந்துவிட்டது. நகரத்தார் கோயில் ஒன்பதில் ஒன்று, சின்ன வயதில் ஆயாவோடு போனால் வயிரவரைக் கும்பிட்டுவிட்டு அவருடைய நாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வார். குளிர்கால ஆறு மாதமும் கேதார்நாத் கோயிலைக் காப்பது பைரவர்தான் என்று அந்த மலைக்காரர்களும் நம்புகிறார்கள். இங்கே சாமி ஊருக்குள் போய்விட்டார், வாசலில் நாய் இருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எதிரே சௌகம்பா சிகரம், 7,138 மீட்டர், மேகமே இல்லாமல் நின்றது. அதிலிருந்து கண்ணை எடுக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

நாய் விரலிடுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. பார்த்தால் பனி உருண்டையாக இறுகி ஒட்டியிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தேன், அது பேசாமல் காலைக் கொடுத்தது. அந்த அன்பில், பையில் இருந்த உலர்திராட்சையும் முந்திரியும் இரண்டு பிடி அள்ளிக் கொடுத்தேன். ஒன்று விடாமல் தின்றது.

இதுதான் இரண்டாவது தவறு. ஊர் திரும்பிய பிறகுதான் ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார், திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று, உலர்ந்ததானால் இன்னும் மோசம் என்று. எல்லா நாயையும் ஒரே மாதிரி பாதிக்காது, எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவும் சொல்ல முடியாதாம். சாக்லேட்டும் அப்படித்தான். மலை ஏறுகிறவர்கள் பையில் எப்போதும் இருக்கிற இரண்டு பொருள்கள்!

அங்கிருந்து சந்திரசிலா உச்சி ஒன்றரை கிலோமீட்டர்தான். நாய் எழுந்து வரவில்லை. நான் தனியாகக் கொஞ்ச தூரம் ஏறினேன், பனி கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது, என் பூட்ஸ் வழுக்கியது. திரும்பிவிட்டேன். இறங்கும்போது வெயிலில் பனி இளகி ஒவ்வொரு அடியும் புதைந்தது. மூன்று மணிக்கு டீக்கடை. நாய் சாம்பல் ஓரத்துக்குப் போய்ச் சுருண்டுகொண்டது. நான் அறைக்கு நடந்தேன், அது பின்னால் வரவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதல் நாள் ஊக்கிமட்டிலோ சோப்தாவிலோ தூங்குங்கள், வந்த அன்றே ஏறாதீர்கள். துங்கநாத் உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி கூடிக்கொண்டே போனால் இறங்கிவிட வேண்டும். பூட்ஸில் மாட்டுகிற முள்சங்கிலி இல்லாமல் போகாதீர்கள், எனக்கு இல்லாததால்தான் சந்திரசிலா கிடைக்கவில்லை. பனி கூடினால் சோப்தா சாலையையே மூடிவிடுவார்கள், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையனோடு மலை ஏற வேண்டும் என்றால் பிரான்மலை இருக்கிறது. பாரியின் பறம்பு மலை. தை மாதம், விடியும் முன்னே கிளம்பி அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள். கயிற்றை விடாதீர்கள், குரங்குகள் உண்டு. கீழே கோயில், மேலே தர்கா, இரண்டு இடத்திலும் அவன் வெளியே இருக்கட்டும். அவனுக்கென்று தண்ணீரும் ஒரு கிண்ணமும் வேண்டும். பாறை சுடத் தொடங்கும் முன், ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும். அந்த மலையில் அவன் உங்களை வளைவுக்கு வளைவு நின்று கூட்டிக்கொண்டு போவான், பாருங்கள். நீங்கள் வடக்கே போகிற பத்து நாளும் அப்பத்தா கையால் சாப்பிட்டுக்கொண்டு வளவில் கிடக்கட்டும்.

ஒரு உதவி. அந்த டீக்கடையில் வலது காது நுனி கிழிந்த கறுப்பு நாய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடைக்காரரிடமே ரொட்டி வாங்கிப் போடுங்கள், வேறு எதுவும் வேண்டாம். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.