ஆபரேஷன் ஆன மனைவியிடம் ஆணுறை எதற்கு?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. கம்பம் பக்கத்துக் கிராமம். வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். தினமும் கம்பம்மெட்டு ஏறி இறங்குபவர். ஜீப் ஸ்டாண்ட் சேர்க்கையில், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போடும் பழக்கம் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். 30 நாள் இருந்தார். வீட்டுக்கு வந்து 40 நாள் ஆகிறது. இப்போது தினமும் காலையில் போய் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொண்டு வருகிறார். அதுவும் போதைதான், நிறுத்தச் சொல்லுங்கள் என்கிறார் கொழுந்தனார். வந்ததிலிருந்து என் பக்கத்திலேயே வருவதில்லை. போன வாரம் வந்தார், கையில் நிரோத் பாக்கெட்டோடு. சின்னவன் பிறந்தபோதே எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. அவனுக்கு இப்போது ஆறு வயது. பிறகு எதற்கு இது? கேட்டால் வாயைத் திறக்கவில்லை. தூக்கி எறிந்துவிட்டேன். மறுநாள் ஜீப் டேஷ்போர்டில் இன்னும் நாலு பாக்கெட் கிடந்தது. மையத்தில் ரத்தம் எடுத்தார்களாம், ஒன்றும் இல்லையாம், திரும்ப ஒருதடவை எடுக்கணுமாம், அது எல்லோருக்கும் செய்வதுதானாம். அத்தை வீரபாண்டி கௌமாரிக்கு அக்கினிச்சட்டி நேர்ந்திருக்கிறார். இவருக்கு வேறு பெண் இருக்கிறாளா? நான் அம்மா வீட்டுக்குப் போய்விடட்டுமா?
— பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: தங்கச்சி, இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் பாதி, இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத ஒருத்தியைப் பற்றி. உன் உடம்பைப் பற்றி இருப்பது ஒரே வரி. ‘திரும்ப ஒருதடவை எடுக்கணுமாம், அது எல்லோருக்கும் செய்வதுதானாம்.’ அதை எழுதிவிட்டு அடுத்த வரியில் அக்கினிச்சட்டிக்குப் போய்விட்டாய். இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. எல்லாக் கடிதத்திலும் விஷயம் இப்படித்தான் போகிற போக்கில் வந்து விழுகிறது.

எதற்காக இன்னொரு தடவை எடுக்கச் சொன்னார்கள் என்று அவரிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். நான் சொல்கிறேன், கேள்.

மையத்தில் எடுத்தது எச்.ஐ.வி. சோதனை. நம் ஊரில் வழக்கமாகச் செய்யும் துரிதச் சோதனை கிருமியை நேராகத் தேடுவதில்லை. கிருமி நுழைந்த பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும். அது உண்டாக நாள் பிடிக்கும். பலருக்கு மூன்று நாலு வாரத்தில் தெரிந்துவிடும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். அந்த இடைக்காலத்தில் சோதனை ‘இல்லை’ என்று காட்டும், ஆனால் கிருமி ரத்தத்தில் பெருகிக்கிடக்கும். அடுத்தவருக்கு மிகச் சுலபமாகத் தொற்றும் காலமும் அதுதான்.

இப்போது கணக்குப் போடு. கடைசி ஊசியைச் சேருகிற அன்றைக்குப் போட்டார் என்றே வைத்துக்கொள். மையத்தில் 30, வீட்டில் 40, ஆக 70 நாள். சேர்ந்தபோது எடுத்த ரத்தம், அதற்கு முந்தைய சில வாரத்து ஊசிகளைப் பற்றி எதுவும் சொல்லாது. 90 நாள் ஆக இன்னும் 20 நாள் இருக்கிறது. அதுவரை மனைவியோடு சேர்ந்தால் ஆணுறை இல்லாமல் சேராதே என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் அதைத்தான் செய்தார். நீ தூக்கி எறிந்தாய்.

ஆபரேஷன் ஆகிவிட்டதே என்கிறாய். ஆபரேஷன் கருவை மட்டும்தான் தடுக்கும். எச்.ஐ.வி., மேகப்புண், மஞ்சள் காமாலை பி வகை இதெல்லாம் வரும் வழி திறந்தேதான் இருக்கிறது. ஆபரேஷன் ஆன வீட்டில் ஆணுறையைக் கண்டால் ‘வெளியில் எவளோ’ என்று நினைப்பது நம் பெண்களிடம் ஊறிப்போன பழக்கம். வேறு பெண் இருக்கிறாளா என்பதை உன் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் வேறு ஒருத்திக்காக வாங்கியதை எந்த ஆணும் எடுத்துக்கொண்டு வந்து பெண்டாட்டி முன் நிற்க மாட்டான்.

அதற்காக அவரை நான் தாங்கிப் பேசவில்லை. ஊசி போட்டது தப்பு. இரண்டு வருடம் ஊசி போட்டுக்கொண்டே, வாய் திறக்காமல் உன்னோடு படுத்தது அதைவிடப் பெரிய தப்பு. தாலி கட்டியவளுக்குத் தன் ரத்தத்தில் என்ன இருக்கலாம் என்று சொல்வது கட்டினவன் கடமை. அவர் செயலில் சரியாக நடந்தார், வாயைத் திறக்கவில்லை. மையங்களில் நடக்கும் பாடத்தில் பெரும்பாலும் நொண்டுவதும் அந்த இடம்தான். ஆணுறையை எப்படி மாட்டுவது என்பதைக் கால் மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதைப் பெண்டாட்டியிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். போதை சிகிச்சையில் இருந்த ஆண்களுக்கென்றே அமெரிக்காவில் ஐந்து வகுப்பு நடத்தி, ஒரே வகுப்பில் முடித்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2009-ல் முடிவு வெளிவந்தது. ஐந்து வகுப்பில் இருந்தவர்களிடம் பாதுகாப்பில்லாத உறவு குறைந்திருந்தது. அந்த வகுப்புகளில், துணையிடம் இதை எப்படிப் பேசுவது என்று நடித்துப் பார்க்க வைத்தார்கள். உன் வீட்டுக்காரர் ஒத்திகையே இல்லாமல் வந்து நின்றார். நீயும் பேச விடவில்லை.

மையத்துக்குப் போய் அவர் ரத்த முடிவைக் கேட்டுச் சண்டை போடலாம் என்று நினைக்காதே. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. அவர் வாயால்தான் வர வேண்டும். அவரிடம் மூன்றே கேள்வி கேள். கடைசி ஊசி என்றைக்கு? அதை யாரோடு சேர்ந்து போட்டீர்கள்? அடுத்த ரத்தம் எந்தத் தேதி? இரண்டாவது கேள்விக்கு ‘என் ஊசியை நான் யாருக்கும் கொடுத்ததில்லை’ என்று பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடாதே. மாத்திரை கரைத்த மூடி, தண்ணீர், வடிகட்டிய பஞ்சு இவை பொதுவாக இருந்ததா என்று கேள். ஆளுக்கொரு ஊசி வைத்திருந்தாலும் எல்லோரும் ஒரே மூடியிலிருந்து உறிஞ்சினால் ரத்தம் கலந்ததுதான். சி வகை காமாலை இப்படித்தான் ஜீப் ஸ்டாண்ட் முழுக்கப் பரவும்.

இனி உன் விஷயம். உன் ரத்தத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லையே, ஏன்? இரண்டு வருடம் ஆணுறை இல்லாமல் இருந்திருக்கிறாய். நாளைக்கே போய் ஒருதடவை கொடு. பழைய நாட்களின் தொற்று இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். 20 நாள் கழித்து அவரோடு சேர்ந்து இன்னொரு தடவை கொடு. அவர் மையத்துக்குக் கிளம்பும் முன் கடைசியாகச் சேர்ந்த நாளுக்கு அதற்குள் மூன்று மாதம் நிறைந்திருக்கும்.

அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை இருக்கும். சீட்டும் சிபாரிசும் வேண்டாம், காசு கிடையாது. முதலில் ஆலோசகர் பேசுவார், பிறகு சம்மதம் கேட்டு ரத்தம் எடுப்பார்கள். ஒரு சோதனையில் ‘இருக்கிறது’ என்று வந்தால் உடனே சொல்லிவிட மாட்டார்கள். மூன்று வெவ்வேறு சோதனையிலும் அப்படியே வந்தால்தான் உறுதி செய்வார்கள். கம்பத்தில் தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று கூசினால் பஸ் ஏறி க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போ. மலை ஏறிக் கேரளப் பக்கம் போனால் இதே மையத்துக்கு ‘ஜ்யோதிஸ்’ என்று பெயர். சந்தேகம் இருந்தால் 1097-க்குப் போன் போடு, கட்டணமில்லை. போகிற போக்கில் பி, சி வகை காமாலைக்கும் மேகப்புண்ணுக்கும் சேர்த்தே சோதிக்கச் சொல். பி இல்லை என்றால் தடுப்பூசி உண்டு, இன்றைக்கு ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. சி இருந்தால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணமாகும், அரசுத் திட்டத்தில் இலவசம். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலையாதே. சின்னவன் பிறந்து நாலு வருடம் கழித்துத்தான் ஊசியே வந்திருக்கிறது.

எச்.ஐ.வி. இருக்கிறது என்றே வந்தாலும் தினம் ஒரு வேளை மாத்திரை, அதுவும் இலவசம். விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே இருந்தால் உறவின் வழியாகத் தொற்றாது. அத்தை தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கக் கிளம்பினால் தடுத்துவிடு, அதில் எதுவும் ஒட்டாது. சவர பிளேடும் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் தனியாக இருந்தால் போதும். வீட்டில் பழைய ஊசி எங்காவது செருகியிருக்கிறதா என்று அவரையே தேடச் சொல். மூடியை மறுபடி மாட்டாமல், திருகு மூடி உள்ள கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மையத்தில் கொடுக்கட்டும். பிள்ளைகள் கையில் படக் கூடாது.

டேஷ்போர்டில் நாலு பாக்கெட் கிடந்ததைத் துப்பறிந்த மாதிரி எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் வேறு கவலை. வெயிலில் நிற்கும் ஜீப்பின் டேஷ்போர்டு அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்தச் சூட்டில் ரப்பர் நைந்துவிடும். பர்ஸில் வைத்து மேலே உட்கார்ந்தாலும் அப்படித்தான். அந்த நாலையும் குப்பையில் போட்டுவிட்டு, அரசு மருத்துவமனையில் புதிதாக வாங்கி பீரோவில் துணிக்கு நடுவே வையுங்கள்.

பயன்படுத்துவதை நீயும் தெரிந்துகொள், ஆம்பளை சமாச்சாரம் என்று ஒதுங்காதே. உறையின் தேதியைப் பார். உள்ளே இருப்பதை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையால் கிழிக்க வேண்டும், பல்லால் கூடாது. விறைத்த பிறகு, உடம்பு உடம்பைத் தொடும் முன்பே மாட்ட வேண்டும். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, அடிவரை உருட்டிவிட வேண்டும். உருளவில்லை என்றால் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். அதையே திருப்பிப் போடாமல் புதிதாக ஒன்றை எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாட்டினால் உரசிக் கிழியும். முடிந்ததும் தளர்வதற்கு முன் அடியைப் பிடித்தபடியே வெளியே எடுத்து, முடிச்சுப் போட்டு, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும். கக்கூஸில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

இதில் நம் பக்கம் அதிகமாகக் கெடுவது எண்ணெயால். வழவழப்புக்கு என்று தேங்காய் எண்ணெயைத் தடவுகிறார்கள். எண்ணெயோ வாசலினோ பட்டால் ரப்பர் சில நிமிடத்தில் பலம் இழந்து கிழிந்துவிடும். மருந்துக் கடையில் நீரில் கரையும் ஜெல் கேட்டு வாங்குங்கள். அப்படியும் எப்போதாவது கிழிந்து, அவருக்குத் தொற்று இருக்கிறது என்றோ இருக்கலாம் என்றோ நிலை இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அரசு மருத்துவமனைக்கு ஓடு. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாயோ அவ்வளவு பலன். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

அவர் பக்கத்தில் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இந்த வகைப் போதை ஆண்களின் ஆசையை மழுங்கடிக்கும். விட்டபின் ஆசை திரும்பும்போது, நினைத்த மாத்திரத்தில் விந்து வெளியேறிவிடுவது சகஜம். அந்த அவமானத்தில் விலகிப் படுப்பவர்கள் நிறையப் பேர். மாத்திரை கொடுக்கும் டாக்டரிடமே கேட்கச் சொல். பேப்பரில் விளம்பரம் செய்யும் லேகியக்காரனிடம் போக விடாதே.

கொழுந்தனாரிடம் நான் சொன்னதாகச் சொல்: வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும். நாக்குக்கு அடியில் கரையும் அந்த மாத்திரைதான் உன் வீட்டுக்காரரை ஊசியிலிருந்து தள்ளி நிறுத்தியிருக்கிறது. ஊசி இல்லை என்றால் புதுத் தொற்றுக்கு அந்த வழி அடைபட்டது. ரோஷத்தில் நிறுத்திவிட்டு மறுபடி ஊசிக்குப் போனால், உடம்பு பழைய அளவைத் தாங்காது. மூச்சு நின்று செத்துப்போனவர்கள் பலரும் இப்படிப் பாதியில் நிறுத்தியவர்கள்தான். எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்வார். அண்ணன் மேல் எவ்வளவு பாசமுள்ள தம்பியாக இருந்தாலும், இதில் அவருக்குப் பேச்சில்லை.

அத்தை நேர்ந்ததை நிறைவேற்றட்டும், சித்திரை வந்தால் சட்டி எடுக்கட்டும். ரத்த முடிவு மட்டும் அவர் காதுக்குப் போக வேண்டாம். அது உங்கள் இரண்டு பேரோடு நிற்கட்டும்.

அம்மா வீட்டுக்குப் போவதா என்று கேட்டாய். அவரிடம் அந்த மூன்று கேள்வியையும் கேட்டு, உன் ரத்தத்தையும் கொடுத்துவிட்டுப் போ, நாலு நாள் இருந்துவிட்டு வா. அந்த நாலு நாளும் காலையில் மாத்திரைக்குப் போனாரா என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்.