இருக்கிறேனா, தங்கியிருக்கிறேனா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 31 வயது. தங்கச்சிமடத்தில் வாழ்க்கைப்பட்டு ஏழு வருஷமாகிறது. மாமியார் தங்கமானவர். ஆனாலும் இந்த வீடு எனக்கு ஒட்டவே இல்லை. பசித்தாலும் நானாகப் போய்ச் சோற்றுப் பானையைத் திறக்க மாட்டேன். பீரோ வாங்கித் தந்தும் என் சேலைகள் இன்னும் பையில்தான் இருக்கின்றன. வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இப்போது வீட்டில் இருக்கிறார். போன வாரம் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "நீ இந்த வீட்டுல இருக்கியா, தங்கியிருக்கியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

நான் பாம்பனில் பிறந்தவள். காற்று திரும்பினால் அப்பா வள்ளத்தை வடகடலிலிருந்து தென்கடலுக்கு மாற்றுவார். அம்மாவும் கூடவே தங்கலுக்கு, அந்தக் கரையிலேயே தங்கித் தொழில் பார்க்க, போய்விடுவார். என்னை உச்சிப்புளியில் பெரியம்மா வீட்டில் விடுவார்கள். பெரியம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அம்மா நான் தூங்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார். எழுந்து பார்த்தால் அவர் படுத்த பாய் சுருட்டி மூலையில் நிற்கும். திரும்பி வரும்போது நான் ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள மாட்டேன், திண்ணையில் சோழி உருட்டிக்கொண்டே இருப்பேன். "கெட்டிக்காரப் பிள்ளை, அழவே மாட்டா" என்பார்கள்.

இப்போது மண்டபத்தில் நண்டு கம்பெனிக்குப் போகிறேன். நாலு வயது மகள் எழுவதற்குள் கிளம்பிவிடுவேன், பார்த்தால் அழுவாள். நல்லவேளை, அவளும் சமத்து. சாயங்காலம் நான் வந்தால் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விளையாடிக்கொண்டிருப்பாள். என் கவலையெல்லாம் என்னைப் பற்றித்தான். நான் நன்றி கெட்டவளா?

பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்.

*

அன்புத் தங்கைக்கு,

நன்றி கெட்டவர் அந்தப் பையைப் பற்றி இவ்வளவு வேதனைப்பட மாட்டார்.

உங்கள் கடிதத்தில் அந்தச் சோழி என்னை நிறுத்தியது. 1960களில் மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் பால்டிமோரில், ஒரு வயதுக் குழந்தைகளைத் தாய் சில நிமிடம் விட்டுப் போய்த் திரும்பி வரும்போது கவனித்தார். தாய் போகும்போது குழந்தை அழுததா என்பதைவிட, அவள் திரும்பியதும் என்ன செய்தது என்பதுதான் அவருக்கு அதிகம் சொன்னது. சில குழந்தைகள் தாயைப் பார்க்காததுபோல் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தன. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தார்கள். வெளியே சமத்தாக இருந்த குழந்தைக்கு உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

நீங்களும் அப்படித்தான் கெட்டிக்காரப் பிள்ளை ஆனீர்கள். கடலோரத்தில் பெற்றோர் தங்கலுக்குப் போவது பிழைப்பு, அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. பிரிவைப் பிள்ளைகள் தாங்குவார்கள். போகும் நாளும் வரும் நாளும் தெரியாமல் இருப்பதுதான் அவர்களை ஆட்டிவிடும். எந்தக் காலையிலும் பாய் சுருட்டியிருக்கலாம் என்றால், எந்த வீட்டிலும் முழுசாக உட்காராமல் இருப்பதே அந்தச் சிறுமிக்குப் பாதுகாப்பு. அந்த உஷார்தான் இன்று சேலையைப் பையில் வைக்கச் சொல்கிறது. சிறுவயதில் பழகியது தலையெழுத்து இல்லை, நம்பிக்கையான உறவு கிடைத்தால் பெரியவர்களான பிறகும் மாறும்.

அம்மா இருந்தால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா சொல்லாமப் போவீங்க?" என்று கேளுங்கள். சண்டைக்காக வேண்டாம். பிள்ளை அழுவதைப் பார்த்தால் கால் நகராது என்றுதான் அநேகமாகச் சொல்வார். நீங்களும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டுக்காரரின் கேள்வியை நான் குத்தலாக எடுக்கவில்லை. தடைக்காலம் முடியும் ஜூன் 14 வரை அவர் கரையில்தான் இருப்பார். சோழிக் கதையை அவரிடம் சொல்லுங்கள். பிறகு அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஒரே ஒரு சேலையை எடுத்து பீரோவில் வையுங்கள். மனது அடித்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. மாமியார் பரிமாறுவதற்கு முன்னால் ஒரு நாள் நீங்களே பானையைத் திறந்து போட்டுச் சாப்பிடுங்கள். தூக்கம் கெட்டால், அழுகை அடங்காவிட்டால், 14416-இல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸை அழையுங்கள், கட்டணம் இல்லை.

அப்புறம், மகள். கவலை இல்லை என்று எழுதிய இடத்தில்தான் எனக்குக் கவலை. நாலு வயதுப் பிள்ளை விளையாட்டில் மூழ்கியும் இருக்கலாம், ஆனால் நீங்கள் கிளம்பும் விதத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். நாளைக் காலை அவளை எழுப்பி, "அம்மா கம்பெனிக்குப் போறேன், சாயங்காலம் இந்த பஸ்ஸுல வந்துருவேன்" என்று சொல்லுங்கள். அழுவாள். அழட்டும், கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்துவிட்டு வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சாயங்காலம் சொன்ன பஸ்ஸில் வந்து இறங்குங்கள்.