லேசர் கண் ஆபரேஷனுக்குப் பின் வலியும் சொட்டு மருந்தும்: கேள்வி பதில்

கீழக்கரை: லாசிக் முடிந்து மூன்று மணி நேரம். கண்ணில் மிளகாய் பட்ட எரிச்சல்.
பதில்: 4 முதல் 6 மணி நேரத்தில் அடங்கும். கவசத்தோடு தூங்குங்கள். கசக்கினால், லேசருக்காக வெட்டித் திறந்து மூடிய கருவிழி மடிப்பு நகரும்.

மண்டபம்: பி.ஆர்.கே. செய்து இரண்டாம் நாள். தாங்கவில்லை.
பதில்: கருவிழியின் மேல்தோலை எடுத்துவிட்டுத்தான் இதில் லேசர். தோல் மூட 3 முதல் 5 நாள். 2, 3ஆம் நாளில்தான் வலி உச்சம். வலி குறைக்கும் சொட்டு, கெட்டோரோலாக் அல்லது நெபாஃபெனாக் எழுதியிருப்பார்கள். சீட்டில் உள்ள வேளை மட்டும். கூட்டினால் தோல் மூடத் தாமதமாகும், கருவிழியே கரையவும் கூடும். ஒரு தடவைக்கு ஒரு சொட்டு, இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். கண்ணை மூடி மூக்கோர முனையை ஒரு நிமிடம் அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி. ஃபுளோரோமெத்தலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டுப் புட்டியைக் குலுக்கி விடுங்கள். செயற்கைக் கண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்து விட்டால் இதம், ஃப்ரீசரில் வேண்டாம். தோல் மூடும்வரை கண்ணில் வைத்த பேண்டேஜ் லென்ஸ் விழுந்தால் திரும்ப மாட்டாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தங்கச்சிமடம்: ஆபரேஷனில் விட்ட மரப்புச் சொட்டு மெடிக்கலில் கிடைக்கிறதே, வாங்கலாமா?
பதில்: புரோபராகெய்ன். வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

தங்கச்சிமடம்: ஒரு நாளைக்குத்தானே? கடைக்கார அண்ணன் ஒன்றும் ஆகாது என்கிறார்.
பதில்: கண்ணுக்குப் பதில் சொல்லப்போவது அண்ணன் இல்லை. மரப்பு கால்மணி நேரம் நிற்கும். வலி திரும்பும், திரும்ப விடுவீர்கள். புதுத்தோல் வளரவே விடாது அந்த மருந்து. மண் விழுந்தாலும் கிருமி பிடித்தாலும் தெரியாது. கருவிழி உருகி ஓட்டை விழும்வரை போகும்.

தேவிபட்டினம்: சில டாக்டர்களே நீர்த்துக் கொடுக்கிறார்களாமே?
பதில்: கொடுக்கிறவர்கள் உண்டு. அளந்து, கொஞ்ச நாளைக்கு, கண்ணைப் பார்த்துக்கொண்டே. கடைப் புட்டி 0.5 சதவீதம், கேட்பாரில்லை. இரண்டும் ஒன்றாகாது.

பாம்பன்: பி.ஆர்.கே. வலி எத்தனை நாள்?
பதில்: மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று.

தொண்டி: வலி நின்றது. ஸ்டீராய்டு சொட்டை நிறுத்தலாமா?
பதில்: அது வலிக்கு இல்லை, வெண்படலம் வராமலிருக்க. படிப்படியாகத்தான் குறைப்பார்கள். சீட்டு முடிந்தபின் நீங்களாக நீட்டித்தால் கண் அழுத்தம் ஏறும்.

ஏர்வாடி: தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு?
பதில்: கூடாது.

ராமேஸ்வரம்: அக்னி தீர்த்தத்தில் முழுகலாமா?
பதில்: குறைந்தது இரண்டு வாரம் கடலும் வேண்டாம், தீர்த்தக் கிணறுகளும் வேண்டாம். பாசி எடுக்க, சங்கு குளிக்க இறங்குகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள். கச்சான் காற்று மண்ணை வாரும்போது பக்கமும் மூடிய கண்ணாடி போடுங்கள்.

பாம்பன்: எத்தனை நாள் என்று...
பதில்: மண்டபம். மேலே.

தனுஷ்கோடி: பி.ஆர்.கே. ஐந்தாம் நாள். குறைந்திருந்த வலி மறுபடி ஏறுகிறது, பார்வையும் மங்கல். அந்த மரப்புச் சொட்டு ஒரே ஒரு தடவை?
பதில்: ஏறுகிற வலி கிருமியாக இருக்கலாம். எந்தச் சொட்டையும் தேடாதீர்கள். இருக்கிற புட்டிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள்.