மாரத்தானை ஓரமாக நின்று பார்ப்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஆனால் தொடக்கக் கோட்டில் நிற்காதீர்கள், அங்கே எல்லோருமே சூரர்கள்தான். மொத்தம் 42.195 கிலோமீட்டர், 30-ஐத் தாண்டிய இடத்தில் போய் நில்லுங்கள். ஓடுவதற்கான எரிபொருளாக உடம்பில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து பலருக்கும் அந்த வாக்கில்தான் தீர்கிறது. ஆரம்பத்தில் பறந்தவர் இடுப்பில் கைவைத்து நடப்பார், நிதானமாக வந்தவர் தாண்டிப் போவார். 2023 சிகாகோவில் கென்ய வீரர் கெல்வின் கிப்டும் 2 மணி 0 நிமிடம் 35 விநாடியில் உலக சாதனை படைத்தபோதும் இரண்டாம் பாதியைத்தான் வேகமாக ஓடினார்.

சென்னையில் எங்கள் ராயபுரம், காசிமேடு பக்கம் ஓடுவது இன்னொரு கதை. காலையிலேயே கடல்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, அதனால் உடம்புச் சூடும் இறங்காது. இங்கே அனுபவசாலியைக் கண்டுபிடிப்பது சுலபம்: தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் மேசையருகே வேகத்தைக் குறைத்து, பேப்பர் கப்பின் வாயை இரண்டு விரலால் நெருக்கிப் பிடித்து, இரண்டு மடக்கு குடிப்பார். புதியவர் ஓடுகிற வேகத்திலேயே மூக்கில் ஊற்றிக்கொள்வார்!

அப்புறம், கடைசியில் வருபவர்களையும் பார்த்துவிட்டுப் போங்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி விழுந்து அடிபட்டு, கட்டுப்போட்ட காலோடு கடைசியாக ஓடி முடித்தார். வென்ற மாமோ வோல்டேயைவிட இவரைப் பற்றித்தான் இன்றும் அதிகம் பேசுகிறார்கள்.