37 வயதில் நர்சிங்

வணக்கம் அக்கா,

எனக்கு 37 வயது. அமெரிக்காவில் பதினோரு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அப்பா கடைசியாக ஐ.சி.யு.வில் இருந்த மூன்று வாரமும் அங்கிருந்த நர்சுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என் வேலையில் மனம் ஒட்டவில்லை. நர்சிங் படிப்பதென்று முடிவு செய்துவிட்டேன். கையில் பி.இ. இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் பட்டமா, ஏற்கெனவே டிகிரி முடித்தவர்களுக்கான துரித பி.எஸ்.என். என்கிற நர்சிங் இளநிலைப் பட்டமா, நேராக மாஸ்டர்ஸா என்பதில் குழப்பம். சீக்கிரம் முடிகிற வழிதான் சரி என்கிறார் கணவர். ஏழு வயதில் மகள் இருக்கிறாள். நீங்களும் கணக்கு வேலையை விட்டு நர்சிங்குக்கு வந்தவர்தானே, சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்று வழியில் எதில் போனாலும் கடைசியில் எழுதுவது நர்ஸ் லைசென்சுக்கான ஒரே என்கிளெக்ஸ் தேர்வுதான். கிடைக்கும் லைசென்சும் ஒன்றுதான். வார்டில் முதல் நாள் மூன்று பேருக்கும் கை ஒரே மாதிரிதான் நடுங்கும்.

துரிதப் படிப்பு 12 முதல் 18 மாதம் என்பார்கள். அந்தக் கணக்கு உள்ளே நுழைந்த பிறகுதான் தொடங்குகிறது. அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி எல்லாம் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். பி.இ.யில் இவை இருந்திருக்காது, ஆக இன்னும் ஒரு வருடம் போலச் சேர்த்துக்கொள்ளுங்கள். படிக்கிற காலத்தில் வேலைக்குப் போகாதீர்கள் என்று பெரும்பாலான கல்லூரிகள் சொல்லும். அது மிரட்டல் இல்லை. காலை ஆறரைக்கு கிளினிக்கலில், அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சியில், நிற்க வேண்டும், மறுநாள் பரீட்சை இருக்கும்.

நான் போனது இரண்டு வருட வழி. வேலையில் இருந்துகொண்டே மாலை வகுப்புகளில் முன்பாடங்களை முடித்ததால், மொத்தம் மூன்றரை வருடம் ஆனது. வீடு குலையவில்லை. ஆனால் முடித்த பிறகு நான் ஆசைப்பட்ட பெரிய ஆஸ்பத்திரி பி.எஸ்.என். இல்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. முதியோர் இல்லத்தில் தொடங்கி, வேலை பார்த்தபடியே ஆன்லைனில் பி.எஸ்.என். முடித்தேன். பல பெரிய ஆஸ்பத்திரிகள் அந்தப் பட்டத்தைத்தான் விரும்புகின்றன. லைசென்ஸ் வாங்கிப் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 2017இல் சட்டமே போட்டது. அதனால் உங்கள் பகுதி ஆஸ்பத்திரிகளின் வேலை விளம்பரங்களை இப்போதே எடுத்துப் படியுங்கள். கல்லூரிகள் தரும் கையேட்டைவிட அதில் விஷயம் அதிகம்.

மாஸ்டர்ஸ் இப்போது வேண்டாம். எந்தப் பிரிவு பிடிக்கும் என்பதே வேலை பார்த்த பிறகுதான் தெரியும்.

உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துச் சொன்னால், நான் கம்யூனிட்டி காலேஜ் பக்கம்தான். ஒன்றரை வருடம் உங்கள் சம்பளம் இல்லாமல் வீடு நடக்கும், மகளைக் கணவர் முழுதாகப் பார்த்துக்கொள்வார் என்றால் மட்டும் துரித வழியை யோசியுங்கள். எதுவானாலும் அந்தக் கல்லூரிக்கு மாநில நர்சிங் போர்டின் அங்கீகாரம் இருக்கிறதா, அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் என்கிளெக்ஸில் முதல் தடவையிலேயே தேறுகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். நர்சிங் உதவியாளர் பயிற்சி எடுங்கள். அமெரிக்க மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரம், சில மாநிலங்களில் கூடுதல். பிறகு வார இறுதிகளில் வேலைக்குப் போங்கள். என் முதல் இரவு ஷிஃப்டில், பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் படுக்கையை நனைத்துவிட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் அவசரமாக உடையை அவிழ்க்கப் போனேன். மூத்த உதவியாளர் என் கையைத் தடுத்து, முதலில் ஒரு துண்டை அவர் இடுப்பின் மேல் விரித்தார், அதற்கப்புறம்தான் உடையில் கை வைத்தார். பெரியவர் கண்ணைத் திறந்தார். ஐ.சி.யு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றபோது நீங்கள் பார்க்காத பாதி வேலை இதுதான். அது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது நாலு ஷிஃப்டில் தெரிந்துவிடும்.

அப்புறம் எழுதுங்கள். என் பழைய அனாட்டமி நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, அனுப்புகிறேன்.